சிவப்பு எரிந்த மூன்றாவது பதிவு

1. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் தோட்டத்து லயத்தின் ஆறு வீடுகளும் அரை மணி நேரம் சத்தமில்லாமல் இருக்கச் சம்மதித்தன.
2. அக்கா முதல் தடவை பாடினாள். பாதியில் இருமல் வந்தது.
3. இரண்டாவது தடவை முழுதாகப் பாடினாள். பிழை இல்லை. ஆனால் பயந்து பாடினாள்.
4. வாசலில் மாட்டியிருந்த கம்பளியின் ஆணி கழன்றது. நான் எழுந்து போய் அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.
5. நான் எழுந்த இடத்தில் பெரியப்பா உட்கார்ந்தார்.
6. அக்கா மூன்றாவது தடவை பாடினாள். வீட்டுக்குள் அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை.
7. அந்தப் பதிவு எதற்கும் உதவாது.

இந்த ஏழையும் அன்று மாலையே கொப்பியில் எழுதிவிட்டேன். கோபம் வந்தால் எனக்குக் கத்த வராது, வரிசைப்படுத்தத்தான் வரும். எழுதி முடித்த பிறகும் கோபம் அப்படியே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நாங்கள் இருப்பது பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். பண்டாரவளையில் கல்யாண வீடுகளில் பாடும் ஓர் இசைக்குழு ஒரு பெண் பாடகியைத் தேடியது. ஒரு பாட்டை ஒழுங்காகப் பதிந்து ஞாயிறு மாலை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும், போனில் பதிந்தது வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா சாதாரணதரப் பரீட்சை எழுதிய கையோடு கொழுந்து பறிக்கப் போனவள். அவள் மலைக்குப் போனதால்தான் நான் பதுளையில் தங்கி மின்னணுவியல் படித்தேன். இன்று வீட்டிலிருந்து போய்வந்து அங்கேயே ஒரு கடையில் ஒலிபெருக்கி திருத்துகிறேன். மலையை விட்டு இறங்க அவளுக்கு எட்டிய வழி இந்த ஒரு பாட்டுத்தான். அதைப் பதியத் தெரிந்தவளாக நான் வீட்டிலேயே இருந்தேன்.

கடையிலிருந்து ஒரு மைக்கையும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டியையும் இரவல் வாங்கி வந்தேன். அந்தப் பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது. உள்ளே வரும் சத்தத்தை எவ்வளவு எடுப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. குறைவாக எடுத்தால் குரலோடு சேர்ந்து இரைச்சலும் கேட்கும். அதைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். கூடுதலாக எடுத்தால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகும். வெட்டுப்பட்டதை யாராலும் திருப்பித் தர முடியாது. பின்னால் கணினியில் சத்தத்தைக் குறைத்தால், உடைந்த குரல் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். அளவாக இருந்தால் பெட்டியில் பச்சை எரியும். வெட்டுப்பட்டால் சிவப்பு.

வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. அது கூரை வரை போவதில்லை. மேலே ஆறு வீட்டுக்கும் ஒரே தகரம், ஒரே காற்று. பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கினால் நாம் மெதுவாகச் சண்டை போட வேண்டும். அக்கா மலையில் பாடினால் அடுத்த நிரையில் நிற்பவர்கள் கை ஓய்ந்து கேட்பார்கள். வீட்டுக்குள் அதே அக்கா முணுமுணுப்பாள். சத்தம் பார்க்கும்போது முணுமுணுத்துவிட்டுப் பாடும்போது திறந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் திருகைத் தாராளமாகக் குறைத்தே வைத்திருந்தேன். அவள் எவ்வளவு திறந்து பாடினாலும் தாங்க இடம் இருந்தது. அளந்து வைத்த இடம் அது.

பத்து மணிக்கு ரேடியோக்கள் நின்றன. தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தி கேட்டார். சொந்தச் சித்தி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்.

“ஏன்டி, மூச்சு விடலாமா? இல்ல அதையும் நிப்பாட்டணுமா?”

“மெதுவா விடுங்க சித்தி” என்றேன்.

பெரியப்பா அப்போதுதான் வந்தார். அப்பாவின் அண்ணன். கோயில் ஒலிபெருக்கி அவர் பொறுப்பு. சாவுச் செய்தியோ, நாளைக்குத் தண்ணீர் வராது என்பதோ, எதுவானாலும் அந்த ஸ்பீக்கரில்தான் தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஸ்பீக்கரை ஓட்டும் கோயில் பெட்டியிலும் பச்சை, சிவப்பு விளக்குகள் உண்டு. சிவப்பு விடாமல் எரிந்தால்தான் மேல் டிவிசனுக்குக் கேட்கும் என்பது அவர் கணக்கு. பச்சை மட்டும் எரிந்தால், கரண்ட் பத்தவில்லை என்று அவரே கோயிலுக்கு ஏறிப் போய்த் திருகிவிட்டு வருவார். எனக்கு இது தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது தடவை முடிந்ததும் சுவருக்கு மேலாகச் சித்தியின் குரல் வந்தது.

“வாயத் தொறந்து பாடேன்டி! மலையில அந்தக் கத்து கத்துற. இங்க யாரு இருக்கா, நாங்கதானே?”

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததும் அவள் தோள் இறங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் ஆணி கழன்றது. கம்பளி விழுந்தால் காற்று மைக்கில் அடிக்கும். ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து ஓடினேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பாடு என்று கையைக் காட்டினேன்.

பாடினாள். கம்பளியைப் பிடித்தபடி, வெறும் காதால் கேட்டேன். இரண்டாவது சரணத்தில் எனக்குக் கண் கலங்கியது. முடிந்ததும் ஆறு வீட்டிலிருந்தும் கை தட்டினார்கள். குழாய் திறந்தது, குக்கர் விசிலடித்தது, ரேடியோ பாடியது. நான் திரும்பினேன். பெட்டியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. கணினித் திரையில் அலையின் மேலும் கீழும் கத்தியால் சீவியது போல் தட்டையாக இருந்தன.

“யாரு இதத் தொட்டது?”

“நான்தான்மா” என்றார் பெரியப்பா. “பச்சையிலேயே கெடந்துச்சு. சத்தம் பத்தல. கூட்டி விட்டேன். பாத்தியா, நல்லா செவப்பு எரியுது.”

அவர் முகத்தில் பெருமை. உதவி செய்த மனிதரின் முகம்.

“பெரியப்பா, இதுல செவப்பு எரியக் கூடாது.”

“எரியாட்டி எப்படிம்மா கேக்கும்?”

அக்கா ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். பாதியில் கழற்றினாள். “ஏன்டி, பாட்டுக்கு மேல யாரோ தகரத்தக் கிழிக்கிறாங்க” என்றாள். நான் பேச வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டார். “பெரியவங்க தெரியாம செஞ்சிட்டாங்க. விடு. இன்னொரு வாட்டி பாடுனா போச்சு.”

இன்னொரு வாட்டி பாட முடியவில்லை. பதினொன்றுக்கு மழை பிடித்தது. தகரக் கூரையில் மழை பெய்தால் மைக்குக்கு வேறெதுவும் கேட்காது. ஒரு மணிக்கும் பெய்தது, மூன்றரைக்கும் பெய்தது. பெரியப்பா வாசலையொட்டிய எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே மழையைத் திட்டினார். மழையைத் திட்ட அவருக்கு உரிமை இருந்தது. அவரைத் திட்ட அந்த வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை. தெரியாமல் செய்தார் என்கிறார்கள். தெரியாத ஒன்றைத் தொடும் முன் கேட்பதற்கு என்ன படிப்பு வேண்டும்? நான் பெட்டியிலிருந்து ஐந்து அடி தூரத்தில் நின்றேன். “இதத் தொடலாமாம்மா?” என்று ஒரு வார்த்தை. கோயில் பெட்டியை நான் தொட்டால் விடுவாரா? அதைத் திருத்துவது என் தொழில் என்று தெரிந்தும் ஒருநாள் விட்டதில்லை.

நான் செய்யாதவையும் கொப்பியில் இருக்கின்றன. திருகின்மேல் டேப் ஒட்டவில்லை. ஆணியை இரண்டு தடவை அடிக்கவில்லை. அவர் உட்கார்ந்தபோது எழுப்பவில்லை. மூன்றாவதுதான் என்னை அதிகம் எரிக்கிறது. உட்கார்ந்ததைப் பார்த்தேன். பெரியவரை எப்படி எழுப்புவது என்று நினைத்தேன். அந்த ஒரு நொடி நானும் அம்மா மாதிரித்தான் இருந்தேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டாவது பதிவை அனுப்பினேன். சுத்தமான பதிவு, பயந்த குரல். புதன்கிழமை குழுவிலிருந்து ஒருவர் போனில் பேசினார். “குரல் நல்லா இருக்குங்க. மேடைக்குச் சத்தம் பத்தாது.” நேரில் ஒரு தடவை கேளுங்கள் என்றேன். வேறொருவரை எடுத்துவிட்டோம் என்றார்.

அன்று மாலை அம்மா இதைச் சொல்ல, பெரியப்பா தலையாட்டினார். “நான் அப்பவே சொன்னேன்ல, சத்தம் பத்தலன்னு.”

நான் எழுந்து வெளியே போனேன். அக்கா அடுப்படியில் மறுநாளைக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். “ரோட்டுல போய்க் கத்திட்டு வா” என்றாள். போனேன். கத்த வரவில்லை.

இன்றைய நிலை இது. அக்கா மலைக்குப் போகிறாள். பண்டாரவளைக் குழுவில் வேறொருத்தி பாடுகிறாள். மூன்றாவது பதிவு என் கணினியில் இருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியாது. நான் பெரியப்பாவோடு பேசுவதில்லை. அவர் அதை இன்னும் கவனிக்கவில்லை.