குடும்பக் குழுவுக்குப் போன பதில்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி உஷாராணி. அவள் கணவர் பழனியப்பன் லோரி ஓட்டுகிறார். மாலையில் வீட்டுக்கு வந்தால் ஃபேஸ்புக் நேரலையில் சேலை விற்கும் பெண்களைத்தான் பார்ப்பார். சேலை வாங்கமாட்டார், இதயக்குறி மட்டும் தாராளமாகப் போடுவார். மகன் முகுந்தன் விடிய விடிய கேம் விளையாடினாலும் கேட்க ஆளில்லை. மகள் ஷாமினி எதில் என்ன போடுகிறாள் என்பது அவள் தோழிகளுக்கு மட்டுமே தெரியும்.

உஷாராணிக்கு வாட்ஸ்அப் மட்டும். அதிலும் அவள் முகம் தெரியக் கூடாது, ரோஜாப்பூ படம். மதியத்தில் ஆன்லைனில் இருந்தால் போதும், நாத்தனார் அழைத்து, "யார்கிட்ட அண்ணி பேசிக்கிட்டிருந்தீங்க?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேச்சில் உஷாராணி கெட்டிக்காரி. பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடை வைத்திருக்கும் மாதவி, நேரலையில் பேசி விற்க ஆள் தேடினாள். நான்தான் இவளைச் சொன்னேன். கடைக் குழுவில் சேர்த்துக்கொண்டு, "திங்கக்கிழமை வரீங்களா அக்கா?" என்று கேட்டாள் மாதவி. அந்த வேலைக்கு உஷாராணி எவ்வளவு ஏங்கினாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

இந்த ஊரில் நம்மவர்கள் எந்தக் குழு தொடங்கினாலும் படம் பத்துமலை முருகன்தான். கடைக் குழுவுக்கும் அவர், குடும்பக் குழுவுக்கும் அவர். "கண்டிப்பா வரேன். லைவ்ல நல்லா பேசுவேன் லா" என்று அவள் எழுதியது குடும்பத்துக்குப் போய்விட்டது. பதறி அழித்தாள்.

"நல்லவேளைக்கா, யாரும் பாக்கறதுக்குள்ள அழிச்சிட்டேன்" என்று வந்து சிரித்தாள். தன் கைப்பேசியில் மட்டும்தான் அழித்திருக்கிறாள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. திங்கட்கிழமைக்கு எதைக் கட்டலாம் என்று அவள் வீட்டு அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தோம். பழனியப்பன் உள்ளே வந்தார்.

"ஊர்ல உள்ளவனெல்லாம் பாக்க மூஞ்சிய காட்டப் போறியா?"

"நீங்க பாக்கறதில்லையா?"

"அது வேற லா."

அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கைப்பேசியை வாங்கி, மாதவியைத் தேடியெடுத்து, "எனக்கு இந்த வேலையில விருப்பம் இல்ல, மன்னிச்சிருங்க" என்று அவளே எழுதுவதுபோல எழுதினார். கும்பிடும் கையும் சேர்த்து அனுப்பினார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

உடனே பதில் வந்தது. உஷாராணி அதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்.

"பரவால்லக்கா. உங்க விருப்பம்தான் முக்கியம்."