கிழடுன்னு நான் சொன்ன பூநாரை

எங்க வீட்டு நடையில ஒரு சலூன் கண்ணாடி தொங்குது. ரசம் போயி, முழுக்கக் கீறல். மாட்டியிருக்கிறதும் இடுப்பு உசரத்துக்குத்தான். "குனிஞ்சு குனிஞ்சு தலை வார முடியல மாமா, மேல மாட்டுங்க"ன்னு மருமக சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. அந்தக் கீறல் பூரா ஒரு பூநாரை மூக்கால போட்டதுங்க.

தஞ்சாவூர் டவுன்ல ஒரு பார்க்குல தீனி போடுற ஆளா இருந்தேன். நாலு மானு, ஒரு நரி, தண்ணித்தொட்டியில மூணு பூநாரை. அந்த நரி தயிர்சோறுதான் திங்கும், அது வேற கதை. நான் பொறந்தது ஒரத்தநாட்டுக்குக் கிழக்க. எங்கப்பா மிராசுகிட்ட குத்தகைக்கு உழுதவரு. உழுறவன் பேரை எழுதணும்னு கவர்மெண்டுல சட்டம் வந்து, தாசில்தார் ஊருக்கு வந்தாரு. ஊரு ரெண்டா நின்னு, அரிவாள் வரைக்கும் போச்சு. மிராசோட காரியக்காரரு அப்பா தலையைக் காட்டி, "பஞ்சா நரைச்சுக் கிடக்கு பாருங்க, அடுத்த நடவுக்கு இருக்கமாட்டாரு. இவரு பேரு எதுக்கு?"ன்னாரு. எழுதல. அப்பாவுக்கு அது இளநரைங்க. அதுக்கப்புறமும் இருபது வருஷம் இருந்தாரு, அடுத்தவன் வயல்ல கூலியா. அதனாலதான் நான் டவுனுக்கு வந்தேன்.

மூணு பூநாரையில ரெண்டு புதுசு, றெக்கை செவசெவன்னு இருக்கும். ஒண்ணு எனக்கு முன்னாடியே அங்க இருந்தது, சுண்ணாம்பு அடிச்சாப்புல வெளுத்திருக்கும். ஒருநாள் பாரஸ்ட்டு ஆபீசரு வந்து, "வெட்டின இறகு வளந்ததும் கோடியக்கரையில விட்டுடலாம். மூணும் தாங்குமாய்யா?"ன்னு என்னையக் கேட்டாரு. அதுவரைக்கும் என்னைய யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. பெருமை தாங்கல. "அந்த வெள்ளை கிழடு சார், நரைச்சுப்போச்சு. வழியிலேயே செத்துடும்"னேன். ரெண்டு போச்சு. ஒண்ணு நின்னுச்சு.

வேதாரண்யத்துப் பக்கமிருந்து கருவாடும், சென்னாக்கூனின்னு பொடி எறாலும் விக்க ஒரு அக்கா வரும். வெயிலுக்குப் பார்க்கு மரத்தடியில கூடைய இறக்கும். அது தொட்டியைப் பாத்துட்டு, "எங்க கடக்கரை ஆளு எப்ப வெள்ளை வேட்டி கட்டுனான்? கட்சியில சேந்துட்டானா?"ன்னு சிரிச்சுச்சு.

"வயசாயி நரைச்சிருச்சுக்கா."

"கூறுகெட்டவனே, நரைக்கிறதுக்கு அது என்ன ஒங்கப்பனா? கூனி தின்னு தின்னுதான் அதுக்கு அந்தச் செவப்பு. நீ தவிட்டைக் கொட்டுனா வெளுக்காம என்ன செய்யும்?"

அக்காவே வாராவாரம் கை நிறைய கூனி அள்ளிப் போட்டுச்சு. அடுத்த இறகு முளைச்சப்ப ரோஜாப்பூ நெறம். "ஆபீசர்கிட்ட போய்ச் சொல்லுடா"ன்னுச்சு அக்கா. சொல்றேன்னேன். பறவையே தெரியாதவனுக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டுட்டா? வயலும் போச்சு, இதுவும் போனா புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போவேன்? நாளைக்கு நாளைக்குன்னு தள்ளுனேன். ஆபீசரு மாத்தலாகிப் போயிட்டாரு. அக்கா அப்புறம் கேக்கவே இல்ல. கூனி மட்டும் கொண்டாந்துச்சு.

கூனி தின்னு செவந்த பறவை, ஒத்தையில நின்னு நின்னு வரவர தீனி எடுக்கல. சலூன்ல கழிச்சுப்போட்ட கண்ணாடிய வாங்கியாந்து தொட்டியோரம் சாத்துனேன். துணை வந்துருச்சுன்னு நெனச்சுக் கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டுச்சு பாருங்க, என்னால அங்க நிக்க முடியல.

வழியிலேயே செத்துடும்னு சொன்னேனே, அது சாகவே இல்லீங்க. ஆட்சி மாறுச்சு, பார்க்குக்குப் புதுசு புதுசா போர்டு வச்சாங்க. அக்கா போய்ச் சேந்துச்சு. நான் ரிட்டையராயி, அப்ப தூளியில கிடந்த எம் மகளுக்குக் கல்யாணமும் ஆச்சு. அது நின்ன எடத்துலயே நின்னுச்சு. கடைசியில கண்ணு ரெண்டும் பூ விழுந்துபோச்சு. அப்பவும் மூக்கால கண்ணாடியத் தடவித் தடவி, துணை இருக்கான்னு பாத்துக்கிட்டே கெடந்துச்சு. செத்தன்னைக்கு ஆளனுப்புனாங்க. நான் போயி அந்தக் கண்ணாடிய மட்டும் எடுத்துட்டு வந்தேன்.

தொட்டியோரம் எந்த உசரத்துல இருந்துச்சோ அதே உசரத்துலதான் மாட்டியிருக்கேன். மருமக வேணும்னா வேற ஒண்ணு வாங்கிக்கட்டும். நான் குனிஞ்சே பாத்துக்கிறேன்.