ராணித் தேனீ கூவியதும் பஸ்ஸே சிரித்ததும்

இன்று காலை, சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் வரும் பஸ். என் வீட்டுத் தேனீப் பெட்டிக்குள் வைத்திருக்கும் மைக், சத்தம் மாறியிருக்கிறது என்று போனுக்குத் தகவல் அனுப்பியது.

புது ராணி கூவினால் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். அதுதான் என்று உறுதியானால், வீட்டுக்குப் போன் செய்து கூட்டத்தைப் பிரித்து வேறு பெட்டியில் வைக்கச் சொல்லலாம். இயர்போன் இல்லை. பெட்டிச் சத்தத்தை ஸ்பீக்கரில் மெல்ல வைத்தேன்.

மடியில் பீங்கான் கப்புகளோடு பக்கத்தில் இருந்தவர் கத்தினார்: "இன்னாங்க இது, ஙொய்யுனு! தல வலிக்குது, நிறுத்துங்க."

முன் சீட்டில் சீரியல் மாமியார் அலறுகிறாள். பின்னால் ரீல்ஸ். டிரைவர் தலைக்கு மேல் குத்துப்பாட்டு. அதெல்லாம் சங்கீதம்!

கண்டக்டரும் வந்துவிட்டார். "எல்லாருக்கும் தொந்தரவா இருக்குதும்மா."

"வூட்டுல தேனீ பறந்துடப் போவுதுங்க, ரெண்டே நிமிஷம்."

"போன்லயே தேனீ வளக்கிறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. அணைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டி பாதி காலி.

அந்தப் பஸ்ஸில் வந்தவர்களே, உங்கள் வீட்டு முருங்கை மரத்தில் தேனீக்கள் கொத்தாகத் தொங்கினால் அவை என்னுடையவை. சத்தம் தொந்தரவாக இருந்தால், நீங்களே நிறுத்திக்கொள்ளுங்கள்.