கழிப்பறைக்குள் வேர்க்கடலை மூட்டை

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடை. திருப்பதியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், அரசு கட்டிக்கொடுத்த கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்களா என்று எழுதி வர வேண்டும்.

ஒரு வீட்டில் கழிப்பறைக் கதவைத் திறந்தால், உள்ளே கூரை வரைக்கும் வேர்க்கடலை மூட்டை. அந்த வீட்டு அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். சுகாதாரம், நோய், பெண்களுக்குப் பாதுகாப்பு என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். "சரிம்மா" என்றார், அவ்வளவுதான். 'பழைய பழக்கத்தை விட மனமில்லை' என்று படிவத்தில் எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. காலையில் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டது வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. சுற்றிலும் அறுவடை முடிந்த வெட்டவெளி, மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லை. வெட்கத்தை விட்டு அதே வீட்டுக்கு ஓடினேன்.

என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். வீட்டுக்குள்ளிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"நீ போம்மா. நான் இங்கியே நின்னுக்கினு இருக்கேன்."

நான் வெளியே வந்ததும், காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்கக்கா போறீங்க?"

"தண்ணிக்குத்தான். ஊர் போரு வத்திப்போச்சு. குடிக்கவே ஊருக்கு வெளிய கொல்லை மோட்டாருக்குப் போய்க்கினு இருக்கோம்."

நான் கொட்டித் தீர்த்தது அவர்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர். ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு கூடவே போனேன். திரும்பும்போது மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன். மூன்று முறையும் அவர் நின்று காத்திருந்தார்.

"ஒருத்தர் போய்ட்டு வந்தா ஒரு குடம் ஊத்தணும். வூட்ல ஆறு பேரு. எத்தினின்னு தூக்குறது?" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், "மழை பேஞ்சு போர்ல தண்ணி வந்தா நாங்களும் அதுலதாம்மா போவோம். வெளிய போவணும்னு யாருக்கு ஆசை?" என்றார்.

அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு 'தண்ணீர் இல்லை' என்று எழுதினேன். அவர் எனக்கு மோர் கரைத்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் யாருடைய பழக்கத்தைப் பற்றியாவது சட்டென்று ஒரு முடிவுக்கு வரப்போனால், அந்தக் குடத்தின் பாரம் இடுப்பில் உறைக்கிறது. வாயை மூடிக்கொண்டு முதலில் கேட்கத் தொடங்குகிறேன்.