முனிசாமியின் கப்பல் சீட்டு

அரியரத்தினம் சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் கொப்பியில் எழுதிவைத்துத்தான் செய்வார். மகன் கஜீவன் டிரினிடாட் தீவில் எரிவாயு ஆலையில் பொறியியலாளன். அங்கேயே கிறிஸ்டல் முனிசாமி என்ற பெண்ணை மணக்கப்போகிறான். அந்த நாட்டைப் பற்றி அரியரத்தினத்துக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும். ஆகவே ஒரு சனிக்கிழமை, லிட்கமில் இருக்கும் கிறிஸ்டலின் அத்தை ஷெரிலிடம் கொப்பியோடு போனார்.

ஷெரில் ஐம்பது வயதுத் தாதி, வாய் ஓயாத பெண். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

"முதல்ல மஞ்சள் காய்ச்சல் ஊசி, மிஸ்டர் அரி. அதுக்கென்று இருக்கிற கிளினிக்கில்தான் போடணும். பத்து நாளுக்கு முன்னாலேயே போட்டுடுங்க. அமெரிக்கா வழியாப் போறீங்களா? விமானம் மாறத்தான் இறங்குறீங்க என்றாலும் அனுமதி எடுக்கணும்."

அவர் எழுதினார்.

"பச்சைப் புள்ளி போட்ட ராணுவத் துணி கூடவே கூடாது. தொப்பிகூட ஆகாது. சட்டப்படி குற்றம்."

"அந்தத் துணியைச் சும்மா தந்தாலும் நான் போடமாட்டன். ஊரிலை போதும் போதுமென்று பார்த்தனான்."

ஷெரில் சிரித்தாள். "கடைக்குள்ள போனா முதல்ல வணக்கம் சொல்லணும், பிறகுதான் விலை. சொல்லாதவனைப் பார்த்து, வளர்ப்புச் சரியில்லை என்பாங்க. இருட்டின பிறகு சந்தித்தால் 'குட் நைட்' என்பாங்க. போகச் சொல்றாங்க என்று எழுந்துடாதீங்க!"

மூன்று பக்கம் நிறைந்தது. பேனாவை மூடிவிட்டு, யாழ்ப்பாணத்தார் சம்பந்தம் பேசும் வீட்டில் கேட்காமல் எழும்பாத கேள்வியை அவரும் கேட்டார்: "உங்கட ஆக்கள் இந்தியாவிலை எந்த இடம்?"

இடத்தைக் கேட்பது இடத்தை அறிய அல்ல, சாதியை அறிய. தமிழர் வழக்கம் தெரிந்தவளாக இருந்தால் ஷெரில் அங்கேயே முகம் சுளித்திருப்பாள். அவளோ குதூகலமாக உள்ளே ஓடி ஒரு தாளின் பிரதியோடு வந்தாள். அவளுடைய பூட்டன் முனிசாமி சென்னையில் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறியபோது வெள்ளைக்கார அதிகாரி எழுதிய சீட்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், கிராமம், இடது கன்னத்தில் தழும்பு.

"எல்லாம் புரியுது. சாதி என்ற இடத்தில் இருக்கிற இந்தச் சொல் மட்டும் புரியலை. யாரைக் கேட்டாலும் மழுப்புறாங்க. நீங்க சொல்லுங்க, என்ன அர்த்தம்?"

அரியரத்தினம் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் கண்டதில்லை. தமிழில் நன்றாகத் தெரியும். அவருடைய அப்பா கிணற்றடியில் கை ஓங்கியபடி சொல்லும் சொல். அவரும் பதினைந்து வயதில், உள்ளே விடப்படாமல் கோயில் வாசலில் நின்றவர்களைப் பார்த்து அதையே கத்தியிருக்கிறார்.

"தெரியாது," என்றார்.

ஷெரில் சாப்பாட்டை மேசையில் வைத்தாள். சீனியைக் கருக்கிக் கோழியும் துவரையும் பூசணியும் போட்டு ஆக்கிய சோறு. வயிறு சரியில்லை என்றார். அவள் விடவில்லை; பிளாஸ்டிக் பெட்டியில் சூட்டோடு போட்டுக் கொடுத்தாள். லிட்கம் ஸ்டேஷனில், ரயில் வருமுன், பெட்டியோடு அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

கடல் தாண்டினால் சாதி கழன்றுவிடும் என்பார்கள். முனிசாமிக்குக் கழன்றது, அவர் கொள்ளுப்பேத்திக்கு அந்தச் சொல்லின் பொருளே தெரியவில்லை. உயிரைத் தவிர வேறொன்றும் கொண்டுவரவில்லை என்று அகதி விசாரணையில் சத்தியம் செய்த அரியரத்தினமோ, அதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

மனைவி சத்தியபாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"கொட்டிப்போட்டியளோ?"

"என்னவோ கை போயிட்டுதப்பா."

"அகதிமுகாமிலை வரிசையிலை நிண்டு வாங்கின சோத்தை ஆர் சமைச்சதெண்டு விசாரிச்சனீங்களோ? பிளேனிலை தாறதை? உங்கட சர்ஜரிக்கு ஏத்தின ரத்தத்தை?"

அவர் கொப்பியைத் திறந்து மூடினார்.

"பெடியன் அந்த வீட்டிலை நெடுகச் சாப்பிடுறான். வாற பேரப்பிள்ளையும் அதைத்தான் தின்னும். அப்ப என்ன செய்வியள், பிள்ளையையும் தொட்டியிலை போடுவியளோ?"

நான்காம் நாள் ஷெரில் தொலைபேசியில் வந்தாள். வயிறு எப்படி என்றாள். பிறகு, அந்தச் சீட்டைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கல்யாண மண்டப வாசலில் வைக்கப்போவதாகச் சொன்னாள். குடும்பம் எங்கிருந்து தொடங்கியதென்று எல்லாரும் பார்க்கட்டும்.

அரியரத்தினத்துக்கு உடம்பு கூசியது. கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வரும். வாசலிலேயே சீட்டைப் படிப்பார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்திலேயே ஷெரில், ஒன்றும் தெரியாமல், பெருமையோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். தெரிந்தும் அவளை அங்கே நிற்கவிட்டவர் அவராக இருப்பார். வைக்கவேண்டாம் என்று ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம் என்றும் ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

அடுத்த சனிக்கிழமை லிட்கமுக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார். "அந்தச் சொல் எனக்குத் தெரியும்."

பொருளைச் சொன்னார். அது எங்கே, யார் யாரைப் பார்த்துச் சொல்வது, சொன்ன பிறகு என்ன செய்வார்கள், தான் என்ன செய்தார் எல்லாம். அவருடைய ஆங்கிலம் இடையிடையே தடக்கியது. ஷெரில் உதவவில்லை.

"அதனாலதான் அன்றைக்குச் சாப்பிடலையா?"

"ஓம்... யெஸ்."

"கொண்டுபோனது?"

"ஸ்டேஷன் குப்பையில்."

எதிர் வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் அம்மாவின் கைப்பக்குவம் அது. காலை ஆறு மணிக்கு எழுந்து செய்தேன்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"மன்னிக்கவேணும். சீட்டை அங்கை வைக்காதேங்கோ. எங்கட ஆக்கள் சிரிப்பினம்."

"ஏன் வைக்கக்கூடாது? எங்க முனிசாமி களவெடுத்தாரா?" முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "அது வாசலில்தான் இருக்கும். நான் பக்கத்தில் நிற்கமாட்டேன், நீங்க நிற்பீங்க. உங்க ஆட்கள் யார் சிரித்தாலும் நீங்க பதில் சொல்லுங்க. இன்றைக்கு எனக்குச் சொன்னதை, ஒன்றும் விடாமல். குப்பைத் தொட்டி வரைக்கும்."

அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது. அண்ணன் பிள்ளைகள், கஜீவனின் நண்பர்கள், எல்லாருக்கும் முன்னால். காது இரண்டும் சுட்டது. இதற்குப் பேசாமல் சிட்னியிலேயே இருந்துவிடலாம் என்றும் தோன்றியது.

கொப்பியை எடுத்தார். புதிய பக்கத்தைப் புரட்டினார்.

"எத்தனை மணிக்கு அங்கே நிற்கவேணும்?"

"ஆட்கள் நாலு மணிக்கு வருவாங்க," என்றாள் ஷெரில். "நீங்க மூன்றரைக்கே வந்துடுங்க."