பௌர்ணமி அன்று நான்கு டிரம் சேற்றோடு

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், மலை, இட்லிக் கடை என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்தப் பயணத்தில் தரிசனமும் இல்லை, புகைப்படமும் இல்லை. ராணிப்பேட்டையிலிருந்து கீழ்பென்னாத்தூர் பக்கம் வரை, சுமார் 125 கிலோமீட்டர், நான்கு டிரம் சேற்றைக் கொண்டுவந்தேன். என்னைப் போலக் கழிவுநீர் வேலையில் இருப்பவர்கள் யாராவது இதே காரியத்துக்குக் கிளம்பினால் உதவும்.

நான் வேலை பார்ப்பது பிசின் தயாரிக்கும் ஒரு சிறு ஆலையில். அதன் கழிவுநீரில் பீனால் இருக்கும். தோலில் பட்டால் புண்ணாக்கும். கிணற்றில் கலந்தால் அந்தக் கிணற்றை மறந்துவிட வேண்டியதுதான். அதைத் தின்று தீர்ப்பவை எங்கள் தொட்டியில் வளரும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கு அளவாகத்தான் ஊட்ட வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரோ, பிசின் காய்ச்சும் கலத்தைக் கழுவிய தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டார்கள். மறுநாள் தொட்டியில் ஓர் உயிர் மிச்சமில்லை.

ஆலையை நிறுத்தினோம். ஆனால் சேமிப்புக் குட்டை விளிம்பு வரை நிரம்பியிருந்தது. நல்ல மழை ஒன்று பெய்தால் வழிந்து நேரே செல்வியின் நிலத்துக்குப் போகும். செல்வி எங்கள் சுவரை ஒட்டி விவசாயம் செய்பவர். மணிலாக் கடலை போட்டிருந்தார். அவர் வீட்டுக்குக் குடிக்கவும் அந்த நிலத்துக் கிணறுதான்.

"சாணியக் கரைச்சு ஊத்துங்க, போதும்" என்றார் முதலாளி. சாணியிலும் கிருமி உண்டு, ஆனால் அவை பீனால் தின்று பழகியவை அல்ல. பழக்க மாதக்கணக்காகும், மழை அதுவரை காத்திருக்காது. ராணிப்பேட்டையில் இதே மாதிரிக் கழிவைச் சுத்தம் செய்யும் ஓர் ஆலையில், பழகிய கிருமிகள் நிறைந்த தொட்டிச் சேற்றை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். வேன் வாடகை 5,500 ரூபாய்.

பகல் ஒரு மணிக்குக் கிளம்பினோம். வேன் பேட்டரியில் ஒரு காற்றுப் பம்பை மாட்டி, அதன் குழாய்களை டிரம்களுக்குள் விட்டிருந்தேன். காற்று நின்றால் சில மணி நேரத்தில் சேறு கறுத்து அழுகும். போளூரில் நிறுத்திப் பார்த்தபோது குமிழி நன்றாக வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் அன்வர் பாய் டீயை ஆற்றியபடி கேட்டார்: "மேடம், இன்னைக்குப் பௌர்ணமின்னு தெரிஞ்சுதானே கூப்ட்டீங்க?"

தெரியாது. திருவண்ணாமலைக் கிரிவலக் கூட்டத்தை நினைத்து, எங்கள் ஊரில் கேஸ் சிலிண்டர் சொல்வதற்குக்கூடப் பௌர்ணமி பார்ப்போம். ஒரு வாரமாக நான் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் நிலாவைப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு, திருவண்ணாமலைக்குச் சற்று முன்னால் வேங்கிக்காலில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். "கூட்டம் ஜாஸ்திங்க. சுத்து வழியில விடுவோம், வெயிட் பண்ணுங்க" என்றார் காவலர். அவரைக் குறை சொல்ல முடியாது. சாலை முழுக்க மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவர் சொன்னபடி இன்ஜினை அணைத்த ஒரு மணி நேரத்தில் பேட்டரி இறங்கியது, பம்பு நின்றது. ஒரு குச்சியால் டிரம்களைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கை ஓய்ந்ததே தவிர சேற்றுக்குக் காற்று போதவில்லை. அழுகை வந்தது.

எதிரே ஓர் அன்னதானப் பந்தல். அங்கே ஜெனரேட்டர் ஓடுவதைப் பார்த்து அன்வர் பாய் போய்க் கேட்டார். சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"சாப்பாடு போடற எடம் பாய். இந்த நாத்தத்தோட வந்து நிக்கறீங்க."

"தப்புதாங்க" என்றேன். "இதுல இருக்கறது விஷத்தைத் திங்கற கிருமிங்க. காத்து இல்லன்னா செத்துடும். செத்துட்டா, மழை வந்ததும் ஒரு வீட்டுக் கெணறு போயிடும்."

அவர் கரண்டியை அண்டாவில் விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. "வண்டிய பந்தலுக்குப் பின்னால விடுங்க. காத்து அந்தப் பக்கமா அடிக்குது" என்று சொல்லி, ஒயரையும் அவரே இழுத்து வந்தார். அன்வர் பாய் வைத்திருந்த பேட்டரி சார்ஜரை அதில் மாட்டியதும் பம்பு ஓடியது. வரிசையில் நின்ற யாரும் விலகிப் போகவில்லை. எங்களுக்கும் இரண்டு தட்டு வந்தது.

ஆறரைக்கு வழி விட்டார்கள். ஆலைக்கு வந்து ஊற்றும்போது ஒரு டிரம் கறுத்திருந்தது. மற்ற மூன்றும் பிழைத்தன. காலையில் நுண்ணோக்கியில் அவை நெளிவதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. குட்டை நீரை முதலில் குடம் குடமாகவும் பிறகு பம்பு வைத்தும் தொட்டிக்குக் கொடுத்தேன். சுத்தமானதை, மெல்ல மறுபடி ஓடத் தொடங்கிய ஆலையின் குளிர்விப்புக்கு அனுப்பினோம். குட்டை மெல்ல இறங்கியது. நல்லவேளையாக இரண்டு வாரம் தூறலோடு போயிற்று.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்கு: பம்புக்குத் தனி பேட்டரி வையுங்கள். டிரம்மை முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். திருவண்ணாமலை வழி என்றால் பஞ்சாங்கம் பாருங்கள்.

பெருமழை வந்த சாயங்காலம் செல்வியும் நானும் குடையோடு குட்டைக் கரையில் நின்றோம். தண்ணீர் ஏறி ஏறி, விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செல்வி சிரிக்கவில்லை.

"இந்த வாட்டி உங்க பூச்சிங்க காப்பாத்துச்சுங்க மேடம்" என்றார். "அடுத்த வாட்டி நீங்க காப்பாத்துங்க."

மறுநாள் அந்தக் கழுவுநீர் வால்வுக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் வீட்டுச் சாவியோடு இருக்கிறது.