எண்ணூர்க் கழிமுகத்தில் இரண்டு லென்சுகள்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து இருபது. வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். எண்ணூருக்குப் பயணச்சீட்டு ஐந்து ரூபாய். மடியில் வைத்திருந்த பையில் இரண்டு லென்சுகள் இருந்தன. இரண்டும் என்னுடையவை அல்ல. இரண்டில் எதை வாங்குவது என்று அன்று முடிவுசெய்தாக வேண்டும்.

மணலியில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் தண்ணீர் சோதிப்பது என் வேலை. விடுமுறை நாளில் பறவைகளைப் படம் எடுப்பேன். கேமராவோடு வந்த சின்ன லென்சில் கூழைக்கடாகூட எறும்பு மாதிரிதான் விழும். இரண்டு வருடம் பிடித்து ஐம்பதாயிரம் சேர்த்திருந்தேன்.

அந்தத் தொகையை ஒட்டி இரண்டு லென்சுகள் கிடைத்தன. ஒன்று, 150 முதல் 600 மி.மீ. வரை இழுக்கக்கூடிய ஜூம். கடையில் பழையது 52,000 ரூபாய். பார்த்துவிட்டு வாங்கலாம் என்று ஒரு நாள் வாடகை 1,300 ரூபாய்க்கு எடுத்திருந்தேன். லென்சுக்குச் சேதம் வந்தால் திரும்பாத முன்பணம் மட்டும் இருபதாயிரம். இன்னொன்று ஜூம் இல்லாத 400. இராயபுரத்தில் கல்யாணப் படம் எடுக்கும் நசீர் பாயுடையது, 36,000. முந்தின நாள் மாலை அவர் அதைத் துடைத்துக் கொடுத்தார்.

"கல்யாணத்துல இத தூக்குனா பொண்ணோட மூக்குத்தி மட்டும்தாம்மா வுழுது. எடுத்துக்கினு போ. புடிச்சா காசக் குடு, புடிக்கலேன்னா லென்ஸக் குடு."

ஐந்து ஐம்பதுக்கு எண்ணூர். நிலையத்துக்கு வெளியே தேசப்பன் பைக்கோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், காட்டுக்குப்பத்தில் படகு வைத்திருக்கிறார். தெரிந்தவர் மூலம் போனில் பேசி மூன்று மணி நேரத்துக்கு 800 ரூபாய் என்று முடிவாகியிருந்தது.

"பைய எங்கிட்ட குடுங்க மேடம்."

"வேணாம்பா. வாடகைப் பொருள், கீழ வுழுந்தா பேஜாரு."

அவர் திரும்பிப் பார்த்தார். "எந்த ஊரு நீங்க?"

"வியாசர்பாடி."

"அட, அத மொதல்லயே சொல்றதில்ல? குந்துக்கா."

ஆறரைக்குப் படகு கிளம்பியது. மூங்கில் கோலால் ஊன்றி ஊன்றித் தள்ளினார்; மோட்டார் போட்டால் பறவை நிற்காது என்றார். வலப்பக்கம் புகைபோக்கிகள், தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள், தண்ணீருக்குக் குறுக்கே ரயில் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சேற்றுத் திட்டில் இருபது முப்பது பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன.

முதலில் ஜூம். அறுநூறுக்கு இழுத்ததும் பூநாரையின் மஞ்சள் கண்ணே தெரிந்தது. இதுதான் என்று மனம் முடிவுகட்டிவிட்டது. ஆனால் இரண்டு கிலோ எடை. படகின் ஆட்டத்தில் முக்காலி நிற்காது, கையில்தான் பிடிக்க வேண்டும். அரை மணியில் இடது தோள் நடுங்க ஆரம்பித்தது. எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் சேற்றிலிருந்து கானல் கிளம்பியது. தூரத்துப் பறவையோடு சேர்த்து அந்தக் கானலும் பெரிதாகி விழுந்தது. படமெல்லாம் கஞ்சி மாதிரி.

"இன்னும் கொஞ்சம் கிட்ட போகலாமா?" என்றேன்.

"போலாம். ஆனா தண்ணி வத்திகினு கீது. தரை தட்டும்."

"பரவாயில்லை, கொஞ்சம் மட்டும்."

கொஞ்சத்திலேயே தட்டியது. படகு ஒரு பக்கம் சாய, திறந்திருந்த பை சறுக்கிக்கொண்டு தண்ணீர் தேங்கிய பக்கம் போனது. கேமராவை மார்போடு அணைத்தபடி விழுந்து பையைப் பிடித்தேன். முழங்கை சிராய்த்தது. தேசப்பன் இறங்கித் தள்ளிப் பார்த்தார். முழங்கால் வரை கருஞ்சேறு. படகு அசையவில்லை.

"தண்ணி ஏறட்டும். ஒரு மணி நேரமாவது ஆவும்."

"என்னாலதானே. கூட நேரத்துக்குக் காசு தந்துடறேன்."

"அத்த அப்பால பாத்துக்கலாம். நீ கைய கழுவு மொதல்ல."

இருபதாயிரம் முன்பணத்தை நினைத்ததும் வாடகை லென்சை வெளியே வைத்திருக்க மனம் வரவில்லை. கழற்றித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, நசீர் பாயின் லென்சை மாட்டினேன். ஒன்றேகால் கிலோ. கைக்கு அடக்கமாக இருந்தது. இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். கால் மணி நேரத்தில் பறவைகள் எங்களை மறந்தன. மஞ்சள் மூக்கு நாரை ஒன்று பத்தடியில் நடந்துபோனது. அதன் தலைதான் படத்தில் அடங்கியது. ஜூம் இருந்தால் பின்னுக்கு இழுத்து முழுதாக எடுத்திருக்கலாம்.

அப்போது தேசப்பன் மெல்ல, "மேல பாரு" என்றார்.

விரால் அடிப்பான். கழிமுகத்துக்கு வருடா வருடம் வலசை வரும் பருந்து வகை. ஓரிடத்தில் சிறகடித்து நின்றது, கால்களை முன்னே நீட்டியது, கல் மாதிரி விழுந்தது. தண்ணீரை உதறிக்கொண்டு மீனோடு எழுந்து எங்கள் பக்கமாகவே வந்தது. யோசிக்க நேரமில்லை; லென்ஸ் தானாகவே மேலே வந்தது போலிருந்தது. பதினாறு படங்களில் மூன்று தெளிவு. அந்தப் பெரிய லென்சை அந்த வேகத்தில் என்னால் தூக்கியிருக்க முடியாது.

பத்தே காலுக்குப் படகு மிதந்தது. கரையில் தேசப்பனின் மனைவி கனகா டீ வைத்திருந்தாள். கூடுதலாக இருநூறு கொடுத்தேன், தேசப்பன் வாங்கிக்கொண்டார். படத்தைக் கனகாவிடம் காட்டினேன். சிறகையும் கண்ணையும் பற்றி நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. பறவையின் நகத்தில் இருந்த மீனையே பார்த்தாள்.

"இத்த பெருசு பண்ணு. இன்னும். யோவ், இங்க வா. மடவையா இது?"

தேசப்பன் குனிந்து பார்த்தார். "மடவைதான். நான் எதோ பொடின்னு நெனச்சேன்."

"இந்த சைசு மடவைய பாத்து எவ்ளோ நாளாச்சு. எங்க எடுத்துச்சு?"

"பாலத்துக்கு மேக்கால."

"அப்ப இங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீற?"

அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நிலையத்தில் விடுவதாகச் சொல்லியிருந்தார். "நான் நடந்துக்கறேன், நீங்க போங்க" என்றேன். இரண்டு கிலோமீட்டர் தூரம். சேறு காய்ந்த கால்களோடு நடந்தேன். பை கனத்தது, அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை.

ரயிலில் நசீர் பாயை அழைத்தேன். "புடிச்சுதா?" என்றார். புடிச்சுது என்றேன். தானாகவே ஆயிரம் குறைத்தார்.

மாலை ஆறு மணிக்கு வியாசர்பாடியில், மூன்றாவது மாடி வீட்டில் நசீர் பாயின் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கனகாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அலுமினியக் கூடையில் ஏழெட்டு மடவைகள், கை ஆடி எடுத்ததால் எல்லாம் கலங்கலாக. கூடவே ஒரு குரல் செய்தி.

"யக்கா, அடுத்த ஞாயித்துக்கெழம வரியா? படகு வாடகலாம் வோணாம். அந்தப் பறவ இன்னா மீனு புடிக்குது, எங்க புடிக்குதுன்னு மட்டும் பாத்து சொல்லிடு."